இரும்பைக் கண்டுகொள்ளாத எலி

எங்கள் வீடுகளில் எலிக்குப் பொறி வைப்போம், நஞ்சு வைப்போம். கம்போடியாவில் வேலை செய்த ஒரு எலிக்கோ தங்கப் பதக்கம் கிடைத்தது. பெயர் மகாவா. 2020 செப்டெம்பரில் பி.டி.எஸ்.ஏ. என்ற பிரித்தானிய விலங்கு நல அமைப்பு அதை வழங்கியது. ஐந்து ஆண்டு வேலையில் மகாவா 71 மிதிவெடிகளையும் 38 வெடிக்காத வெடிபொருட்களையும் கண்டுபிடித்தது. 2021இல் ஓய்வு பெற்று, 2022 ஜனவரியில் எட்டு வயதில் இறந்தது.

இது நாங்கள் அறிந்த எலியல்ல. கன்னத்தில் பை கொண்ட ஆபிரிக்கப் பேரெலி. ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடைதான் என்பதால் மிதிவெடியின் மேல் நடந்தாலும் அது வெடிக்காது. பெல்ஜியத்தைச் சேர்ந்த பார்ட் வீட்ஜென்ஸ் 1997இல் தொடங்கிய அப்போப்போ என்ற நிறுவனம் இவற்றைத் தன்சானியாவின் மொரோகோரோவில் வளர்த்துப் பழக்குகிறது. ரி.என்.ரி. வாசனை வந்தால் மண்ணைப் பிறாண்ட வேண்டும், பிறாண்டினால் 'கிளிக்' என்று ஒரு சத்தம், உடனே ஒரு துண்டு வாழைப்பழம். இப்படியே ஏறத்தாழ ஒன்பது மாதம். பிறகு பரீட்சை. புதைத்து வைத்ததில் ஒன்றைத் தவறவிட்டாலும் தேர்ச்சி இல்லை.

செய்திகள் இவற்றை 'வீர எலிகள்' என்கின்றன. எலிக்கு வீரம் தெரியாது, வாழைப்பழம்தான் தெரியும். அதில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை.

எங்களுக்கு முக்கியமானது வேறொன்று. இந்த எலி இரும்பைக் கண்டுகொள்வதில்லை. முகமாலை போன்ற ஒரு முன்னரங்கில் உலோகங்காட்டி சத்தமிடும் ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் முழந்தாளிட்டு, மண்ணை மெல்லச் சுரண்டிப் பார்க்க வேண்டும். அங்கே கிடப்பது ஷெல் துண்டாக இருக்கலாம், துப்பாக்கி ரவையின் கோதாக இருக்கலாம், பழைய கூரைத் தகரத்தின் ஆணியாகவும் இருக்கலாம். வடக்கில் இந்த வேலையைச் செய்பவர்களில் பலர் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள். காணிக்குத் திரும்பக் காத்திருக்கும் குடும்பங்களின் ஆண்டுகளில் ஒரு பகுதி இந்த ஆணிகளைத் தோண்டுவதிலேயே போய்விடுகிறது. எலியோ ஆணியைத் தாண்டி நடந்துவிடும். ஒரு டென்னிஸ் திடலளவு நிலத்தை அரை மணித்தியாலத்தில் மணந்து முடிக்கும். உலோகங்காட்டியோடு ஒரு மனிதருக்கு அதே நிலம் நாலு நாள்வரை எடுக்கும்.

ஆனாலும் எலியை அப்படியே பற்றைக்குள் இறக்கிவிட முடியாது. முதலில் பற்றையை வெட்ட வேண்டும். எலியை நடத்தும் இருவர் நிற்கும் பாதைகளை மனிதரே சோதித்துத் துப்புரவாக்க வேண்டும். அந்த இருவருக்கும் இடையில் கட்டிய கயிற்றின் வழியே எலி அங்குமிங்கும் போய்வரும். வெயில் ஏறினால் வேலை நின்றுவிடும். அதிகாலையிலும் காதுக்கும் வாலுக்கும் வெயில்காப்புக் களிம்பு பூச வேண்டும். அது பிறாண்டிக் காட்டிய இடத்தில் கடைசியாகக் கைவைப்பவரும் மனிதர்தான்.

இலங்கையில் மோப்ப நாய்கள் இந்த வேலையில் ஈடுபட்டிருக்கின்றன. பலர் அறியாதது கீரியின் கதை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் திரிஷாந்த நாணயக்காரவின் குழு, பழக்கிய கீரியை ஒரு சிறிய ரோபோவோடு பிணைத்து, அதன் மூக்கால் வெடிமருந்தைத் தேடவைத்தது. உலக ஊடகங்களில் அந்தச் செய்தி வந்தது 2008இல். வன்னியில் அப்போது போர் நடந்துகொண்டிருந்தது.