பழனிமலைத் தொல்லியல் ஆய்வு

திண்டுக்கல் சமவெளிக்கு மேற்கே எழும் பழனிமலையிலும் அதன் அடிவாரத்திலும் வாழ்ந்த பெருங்கற்கால மக்களைப் பற்றிய ஆய்வு. இதன் முதல் நூல் 1928இல் வந்தது. செண்பகனூர் இயேசு சபைக் குருக்களான ஆங்லேட், நியூட்டன் இருவரும் மலையெங்கும் நடந்து கல்திட்டைகளைப் பதிவு செய்தார்கள். இந்தியத் தொல்லியல் துறை அதைத் தன் 36ஆவது ஆய்வேடாக வெளியிட்டது. பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் ஏற்றிய இந்தத் திட்டைகள் பல வெறும் பாறைமேல் நிற்கின்றன. மண்ணடுக்கு இல்லாத இடத்தில் காலத்தைக் கணிப்பது எளிதல்ல.

2000க்குப் பின் பேராசிரியர் கா. ராஜன் வத்தலக்குண்டுக்கு மேலே தாண்டிக்குடியில் அகழாய்வு செய்தார். காப்பியும் மிளகும் விளையும் அந்த மலையூரில் கிடைத்த சூதுபவள மணிகள், மலைமக்கள் தனித்து ஒதுங்கி வாழவில்லை என்பதைக் காட்டின.

திருப்பம் பொருந்தலில் நேர்ந்தது. பழனிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள இவ்வூரில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் சார்பில் ராஜன் 2009, 2010 ஆண்டுகளில் அகழ்ந்தார். ஓர் ஈமக்குழியில் நான்கு கால் கொண்ட சாடி. அதற்குள் ஏறத்தாழ 2 கிலோ நெல். அதே குழியில் ‘வயர’ என்று தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தில் பொறித்த பிரிமனை. நெல்மணிகளை அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பழைய கார்பன் முறை, சிதைவின்போது வெளிப்படும் கதிர்வீச்சை அளந்தது. அதற்கு மாதிரி நிறைய வேண்டும். முடுக்கி நிறை நிறமாலைக் கருவி கார்பன்-14 அணுக்களையே நேராக எண்ணுவதால் சில மில்லிகிராம் போதும். கிடைத்த விடை கி.மு. 490. தமிழி அசோகருக்கு முந்தியது என்ற வாதத்துக்கு இது பெரும் வலு சேர்த்தது. ஓரிரு மாதிரிகளைக் கொண்டு முடிவு கட்டலாமா என்ற கேள்வியும் எழுந்தது. அது நியாயமான கேள்விதான். கொடுமணல், கீழடி அகழாய்வுகள் பின்னர் தந்த காலக்கணிப்புகள் பொருந்தலைத் தனித்து நிற்க விடவில்லை.

இன்று தொல்லியலின் கை இன்னும் நீண்டிருக்கிறது. கீழடியில் ட்ரோனும் தரை ஊடுருவும் ராடாரும் பயன்பட்டன. பெருவின் ஆண்டிஸ் மலையில், 3,000 மீட்டருக்கு மேல் உள்ள சாவின் கோவிலை ஸ்டான்ஃபோர்டின் ஜான் ரிக் குழு லேசரால் அளந்தது; கேமரா பொருத்திய சிறு ரோபோக்களை உள்ளே அனுப்பி அடைபட்ட அறைகளையும் பார்த்தது. பழனிமலைத் திட்டைகளுக்கும் இத்தகைய முப்பரிமாணப் பதிவு வேண்டும். சாய்ந்த பலகைக் கல்லை நிமிர்த்தலாம்; பெயர்த்துச் சென்ற கல்லுக்கு அளவெடுக்க முடியாது. தமிழக அரசின் தொல்லியல் துறை இந்த வேலையைத் தாண்டிக்குடியிலிருந்து தொடங்கட்டும்.