ஓட்டர் லிஸ்ட்டுல கை வச்சா யார் விசாரிக்கிறது?

சிப்காட்டுக்கு நிலம் எடுக்கிற பேச்சு வந்ததுல இருந்து உத்தனப்பள்ளி சுத்துவட்டாரத்துல எல்லாரும் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றுன்னு தேடி எடுத்து பத்திரமா வச்சிருக்கோம். பதிவேட்டுல பேர் இல்லேன்னா நம்ம பேச்சு எடுபடாதுன்னு புரிஞ்சுபோச்சு. ஓட்டர் லிஸ்ட்டும் அப்படி ஒரு பதிவேடுதான். அதுல திருட்டுத்தனம் நடந்தா யார் விசாரிக்கணும்? ரெண்டு வழக்கோட வரலாற்றைப் பார்த்தா இது விளங்கும். ஒண்ணு நம்ம சென்னையில நடந்தது, இன்னொண்ணு பக்கத்து கர்நாடகத்துல.

முதல்ல சட்டம். தேர்தல் நடத்துறதும் வாக்காளர் பட்டியலும் அரசியல் சட்டத்தோட 324-வது பிரிவுப்படி தேர்தல் ஆணையத்தோட பொறுப்பு. போலீஸ் மாநில அரசோட கையில. ஓட்டுச்சீட்டுக் கட்டுகளை கோர்ட்டு உத்தரவு இல்லாம பிரிக்கவே கூடாதுன்னு 1961-ம் வருஷத்து தேர்தல் நடத்தை விதிகள் சொல்லுது. அதாவது பதிவேடு ஒருத்தர்கிட்ட, லத்தி இன்னொருத்தர்கிட்ட, சாவி மூணாவது ஆள்கிட்ட. ஒருத்தரே எல்லாத்தையும் வச்சுக்கக் கூடாதுங்கிற நல்ல எண்ணம்தான். ஆனா மூணு பேரும் ஒத்துழைச்சாத்தான் வேலை நடக்கும்.

2017-ல சென்னை ஆர்.கே. நகர். ஜெயலலிதா இறந்த பிறகு ஏப்ரல் 12-ம் தேதி இடைத்தேர்தல் நடக்க இருந்தது. ஏப்ரல் 7-ம் தேதி அப்போதைய சுகாதாரத்துறை அமைச்சர் விஜயபாஸ்கர் வீட்டுல வருமான வரித்துறை சோதனை போட்டது. ஓட்டுக்குப் பணம் கொடுக்க 89 கோடி ரூபாய் வரைக்கும் கணக்கு எழுதின தாள்கள் சிக்கினதா செய்தி வந்தது. ரெண்டே நாள்ல தேர்தல் ஆணையம் தேர்தலை ரத்து பண்ணிச்சு. வழக்கு போடச் சொல்லியும் எழுதிச்சு. ஆனா வழக்கு போட வேண்டியது மாநில போலீஸ். அந்தப் போலீஸ் இருந்தது, எந்த அரசோட அமைச்சர் வீட்டுல தாள் சிக்கிச்சோ அதே அரசுக்குக் கீழ. அபிராமபுரம் ஸ்டேஷன்ல எப்.ஐ.ஆர். பதிவாச்சு, ஆனா அதுல யார் பேரும் இல்லை. 2018 மார்ச்ல ஹைகோர்ட்டு அந்த எப்.ஐ.ஆரையே ரத்து பண்ணிடுச்சு. விஷயம் பல மாசம் கழிச்சு, அந்த டிசம்பர்ல இன்னொரு வழக்கு விசாரணையிலதான் வெளிய வந்தது. தேர்தலை நிறுத்துற அளவுக்குப் பெரிய விஷயம், விசாரணையில ஒண்ணுமில்லாம போச்சு.

இப்ப கர்நாடகம். துவரைக்குப் பேர்போன கலபுரகி மாவட்டத்துல ஆளந்த் தொகுதி. 2018-ல அங்க பி.ஆர். பாட்டீல் தோத்தது வெறும் 697 ஓட்டுல. அடுத்த தேர்தலுக்கு முன்னால, 2022 கடைசியில, பேரை நீக்கச் சொல்லி ஆன்லைன்ல 6,018 மனு வந்தது. படிவம் 7-ன்னு சொல்வாங்க. ஒரு பி.எல்.ஓ. தன் சொந்தக்காரர் பேரையே நீக்கச் சொல்லி மனு வந்திருக்கிறதைப் பார்த்து விசாரிச்சாங்க. மனு கொடுத்ததா பேர் இருந்த ஆளுக்கு ஒண்ணுமே தெரியல. அதிகாரிகள் வீடு வீடா போய் சரிபார்த்தா 24 மனுதான் நிஜம். மீதி 5,994 பொய்! அந்தப் பேர்களை நீக்கல. ஆனா 697-ஐயும் 5,994-ஐயும் பக்கத்துல வச்சுப் பாருங்க, தப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு.

2023 பிப்ரவரி 21-ம் தேதி தேர்தல் அதிகாரியே புகார் கொடுத்தார். வழக்கு சி.ஐ.டி.க்குப் போச்சு. மனுதாரர் விவரத்தை அந்த செப்டம்பர்லயே போலீஸ்கிட்ட கொடுத்துட்டோம்னு ஆணையம் சொல்லுது. இன்னும் நுணுக்கமான கணினித் தடயம் வேணும்னு சி.ஐ.டி. கடிதத்துக்கு மேல கடிதம் எழுதிச்சு. இழுபறியிலேயே காலம் ஓடிச்சு. 2025 செப்டம்பர்ல ராகுல் காந்தி இதை நாடு முழுக்கப் பேசின பிறகு, கர்நாடக அரசு சிறப்புப் புலனாய்வுக் குழு போட்டது. அந்த டிசம்பர்ல குற்றப்பத்திரிகை தாக்கலாச்சு. உண்மை என்னன்னு இனி கோர்ட்டுதான் சொல்லணும்.

இங்க ஒண்ணைக் கவனிக்கணும். ஆர்.கே. நகர்ல புகாருக்கு ஆளான பக்கம் ஆட்சியில இருந்தது, வழக்கு படுத்துடுச்சு. ஆளந்த்ல புகார் கிளப்பின பக்கம் ஆட்சியில இருக்கு, வழக்கு எழுந்து நடக்குது. ரெண்டுலயும் போலீஸ் போன வேகம் கோட்டையைப் பார்த்துத்தான். எனக்குப் பிடிச்ச கட்சி ஆட்சியில இருந்தா நியாயம், இல்லேன்னா இல்லைங்கிறது விசாரணை ஆகாது. ஹைகோர்ட்டு நேரடியா மேற்பார்வை பார்க்கிற விசாரணையும், கேட்ட தடயத்தை இத்தனை நாளுக்குள்ள கொடுத்தாகணும்னு ஆணையத்துக்கு ஒரு கெடுவும் வேணும்னு நான் நினைக்கிறேன்.

ஏன்னா தடயம் காத்திருக்காது. தேர்தல் வழக்கு எதுவும் இல்லேன்னா வாக்குச்சாவடி கேமரா பதிவை 45 நாள் கழிச்சு அழிச்சுடலாம்னு 2025 மே மாசம் ஆணையமே சொல்லிடுச்சு. தக்காளி மாதிரிதான் தடயமும், நாளாச்சுன்னா கையில ஒண்ணும் நிக்காது.

ஆளந்த்ல இந்த மோசடியை முதல்ல பிடிச்சது போலீசும் இல்லை, கோர்ட்டும் இல்லை. தன் ஊர்க்காரங்களைத் தெரிஞ்ச ஒரு பி.எல்.ஓ. அதனால, பட்டியல் திருத்தம் வர்றப்ப நம்ம பி.எல்.ஓ.கிட்ட போய், உங்க பேரை மட்டும் இல்லாம பக்கத்து வீட்டுப் பேரையும் சேர்த்துப் பாருங்க. வேலைக்கு ஓசூர், பெங்களூர்னு போயிருக்கிற பிள்ளைங்க பேரையும் பாருங்க. மனு கொடுத்தா ரசீதை வாங்கி பட்டா இருக்கிற பையிலேயே போட்டு வையுங்க.