அரிக்கமேட்டில் நிற்கும் சுவர்

காரைக்கால் மக்களாகிய நமக்குப் புதுவை அயலூர் அன்று. ஆட்சியாலும் மறைமாவட்டத்தாலும் அதனோடு ஒன்றுபட்டவர்கள் நாம். அலுவலாகவோ உறவினரைக் காணவோ அங்குச் செல்லும் நம்மவருள் சிலர், தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டையும் பார்த்து வருவதுண்டு. உரோமையர் கட்டடம் எங்கே என்று தேடும் கண்களுக்கு, மரங்களிடையே செங்கல் தூண்களும் இடிந்த சுவர்களும் தென்படும். “இதுதான் போலும்!” என்று வியந்து திரும்புவோம். ஆனால் நாம் கண்டது உரோமையர் கட்டடம் அன்று.

தொல்லியல் துறைத் தலைவராயிருந்த மார்ட்டிமர் வீலர், 1944இல் சென்னை அருங்காட்சியகத்தில் ஓர் உடைந்த சாடியின் கழுத்தைக் கண்டார். அது மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து திராட்சை மதுவைச் சுமந்து வரும் சாடி வகையைச் சேர்ந்தது. கிடைத்த இடமோ அரிக்கமேடு. மறு ஆண்டே அவர் அங்கு அகழாய்வு நடத்தினார். இத்தாலியின் அரெசோ நகர மரபில் வனையப்பட்ட, செந்நிற மெருகுள்ள கலன்களின் ஓடுகள் வெளிப்பட்டன. அவற்றுள் சிலவற்றில் குயவர்களின் பெயர் முத்திரைகளும் இருந்தன. அக்கலன்கள் கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை. அகுஸ்து, திபேரியு என்று நற்செய்தியில் நாம் வாசிக்கும் பேரரசர்களின் காலம் அது. நம் ஆண்டவர் நாசரேத்தில் தச்சுத் தொழில் செய்த நாள்களில், அந்தப் பேரரசின் பாண்டங்கள் நம் கடற்கரையில் இறங்கிக்கொண்டிருந்தன என்பது சிந்தைக்கு இனிய செய்தி.

மேட்டின் வடபகுதியில் ஏறத்தாழ 150 அடி நீளமுள்ள செங்கல் கட்டடம் ஒன்றின் அடித்தளம் கிடைத்தது. அதனைப் பண்டகசாலை என்று வீலர் கருதினார். தென்பகுதியில் தொட்டிகளோடு கூடிய முற்றங்கள் இருந்தன. அவை துணிக்குச் சாயம் தோய்க்கும் இடங்கள் என்பது அவர் எண்ணம். பின்வந்தோர் அவருடைய விளக்கங்களை அப்படியே ஏற்கவில்லை. 1947 முதல் 1950 வரை கசால் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையாரும் அங்கு ஆய்ந்தனர். உரோமைச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பது தெளிவாயிற்று. மணி செய்யும் தொழில் அங்குச் சிறந்திருந்தது. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்துள்ளன. அயல்நாட்டுப் பாண்டம் வந்ததனால் மட்டும் ஊர் அயலாருடையதாகிவிடாது. தோண்டிய குழிகள் மீண்டும் மூடப்பட்டன. பழைய செங்கற்கள் இன்று மண்ணுக்கடியில் உறங்குகின்றன.

நமக்கு இன்னும் அண்மையிலும் இத்தகைய சான்று உண்டு. தரங்கம்பாடிக்கு வடக்கே, காவிரிப்பூம்பட்டினத்தை அடுத்த கீழையூரில் 1962-63இல் நடந்த அகழாய்வில் செங்கல் படகுத்துறையொன்று வெளிப்பட்டது. புகாரில் யவனர் வாழ்ந்த இருப்பிடங்களைச் சிலப்பதிகாரம் குறிக்கிறது. யவனர் அங்கு விருந்தினராய் வந்தவர். துறையோ சோழநாட்டுத் துறை.

அவ்வாறாயின் அரிக்கமேட்டில் நிற்கும் சுவர் யாருடையது? அது பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த கத்தோலிக்கக் குருமடம். பாரிசு அயல்நாட்டு மறைபரப்புச் சபையினர் ஆசிய நாட்டு இளைஞரைக் குருக்களாக்கச் சீயம் நாட்டில் ஒரு குருமடம் தொடங்கியிருந்தனர். போரினால் அது கொச்சின்சீனாவுக்குப் பெயர்ந்தது. அங்கு அதன் தலைவர் பிஞ்ஞோ தெ பெஹேன் சிறைப்பட்டார். பின்னர் கடற்கொள்ளையர் தாக்கியதில் மாணவர் சிலர் உயிரிழந்தனர். எஞ்சியோர்க்கு 1770இல் அடைக்கலம் தந்தது வீராம்பட்டினத்தை அடுத்த இம்மேடே. பிறந்த நாட்டை இழந்த மாணவர் இங்கு இலத்தீன் கற்றனர், செபித்தனர். வியட்நாமிய மொழிக்கு இலத்தீனில் பொருள் கூறும் அகராதியொன்று 1773இல் இங்கு உருப்பெற்றது. பிஞ்ஞோ 1774இல் மயிலை சாந்தோமில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆயினும் குருமடம் இங்கு நீடித்தது ஏறத்தாழப் பத்தாண்டுகளே. பின் மாணவர் குரல் ஓய்ந்தது, கூரை வீழ்ந்தது.

நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. பேரரசின் பெயர் கேட்டதும் நம் உள்ளம் பெருமிதம் கொள்கிறது. அப்பெருமிதத்தில் இரு சாராரை மறந்துவிடுகிறோம். மணி கோத்தும் செங்கல் அடுக்கியும் துறையை வாழவைத்த நம் முன்னோர் ஒரு சாரார். விசுவாசத்திற்காகக் கடல் கடந்து ஓடிவந்து நம் மண்ணில் தஞ்சம் புகுந்த இளைஞர் மற்றொரு சாரார். இவ்விருவருக்கும் உரியதை உரோமைக்குக் கொடுப்பது, அறியாமல் செய்தாலும் பொய்ச்சான்றுதான்.

அடுத்த முறை அரிக்கமேட்டிற்குச் செல்கையில், அந்தத் தூண்களைச் சுட்டிக்காட்டி நம் பிள்ளைகளுக்கு அம்மாணவர்களைப் பற்றிச் சொல்வோம். பெயர் தெரியாத அவர்களுக்காக அந்நிழலில் நின்று ஒரு செபமும் சொல்வோம்.