கலயத்துச் சுண்ணாம்பு

திருவள்ளூரும் திருத்தணியும் இன்றைக்கு ஒரே மாவட்டம். 1938-ல் அப்படியில்லை. திருவள்ளூர் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. முந்திய ஆண்டு சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜி, அந்த ஆண்டு அக்டோபரில் சித்தூருக்கும் கடப்பைக்கும் அதை விரித்தார். முருகன் மலையடிவாரத்தில் கள்ளுக்கடைக்குப் பூட்டு விழுந்தது. ரயிலேறித் திருவள்ளூருக்கு வந்தால் தடை இல்லை. திருத்தணிக்காரர்களில் எத்தனை பேருக்கு வீரராகவப் பெருமாளிடம் திடீர்ப் பக்தி பிறந்ததோ, யார் கண்டார்கள்!

1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பனைமரத்துக்கும் ஒரு சட்டம் வந்து சேர்ந்தது. கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். பதநீர் வியாபாரம், கள் குற்றம்.

கள்ளில் போதைச் சத்து நூற்றுக்கு சுமார் 5 பங்கு. பிராந்தி, விஸ்கியில் 42.8. கால் லிட்டர் கள்ளும் 30 மில்லி பிராந்தியும் ஈரலுக்கு ஏறக்குறைய ஒரே சுமைதான். அதற்காகக் கள் பானகம் ஆகிவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-ல் மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியபோது, எதற்கும் சலுகை காட்டவில்லை.

சலுகை காட்டியது நம் சர்க்கார்தான். 1971-ல் கடைகள் திறந்தன. 1973-ல் கள்ளும், 1974-ல் சாராயமும் மூடப்பட்டன. 1981-ல் மறுபடி திறந்து, 1987-ல் அவ்விரண்டையும் மட்டும் தடுத்தார்கள். சீமைச் சரக்கு நிலைத்தது. 2003 முதல் அதைச் சில்லறையாக விற்பதும் சர்க்காரின் டாஸ்மாக்தான். 42.8 கடையில் கிடைக்கிறது. 5 மரத்திலிருந்து இறங்கினால் வழக்கு. இந்தக் கணக்கு எனக்கு இன்னும் விளங்கவில்லை.

டாஸ்மாக் விலை கட்டாத கூலிக்காரன் பாக்கெட் சாராயத்துக்குப் போனான். பெயிண்டுக்கும் பசைக்கும் தொழிற்சாலைகள் வாங்கும் மெத்தனால் அதில் கலந்திருந்தால், பார்த்தும் முகர்ந்தும் கண்டுகொள்ள முடியாது. உடம்பில் அது ஃபார்மிக் அமிலமாகிக் கண் நரம்பைத் தாக்கும். 2023-ல் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேல். கள்ளுக்கடை இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்களா? அப்படிச் சத்தியம் செய்ய எனக்குத் துணிவில்லை. சாராயத்தின் வேகத்துக்குப் பழகியவன் கள்ளோடு நிற்பது அபூர்வம்.

மெத்தனால் விஷத்துக்கு ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்து உண்டு. அது கிடைக்காத இடத்தில் டாக்டர் கொடுப்பது சுத்தமான எத்தனால், அதாவது கலப்படமில்லாத சாராயம். அளந்து, நாடி பார்த்துக் கொடுப்பார்.