காயமுற்றோரை ஏற்கும் வாயில்

வைத்தியசாலைகள் நோயாளருக்காக எழுந்தவை. காயமுற்றோருக்காக எழுந்தவை அல்ல. நோய் பெரும்பாலும் சொல்லிக்கொண்டு வரும். காய்ச்சல் கண்டவன் காலையிற் சென்று தன் முறை வரும்வரை காத்திருக்கலாம். வீதியில் மோட்டார் மோதி விழுந்தவனோ, பனையிலிருந்து தவறி வீழ்ந்தவனோ நள்ளிரவானாலும் அக்கணமே வாயிலிற் கொண்டுவந்து கிடத்தப்படுகிறான். அவ்வேளையில் அவனுடைய உயிர் உள்ளே எத்தனை கட்டில்கள் உள என்பதைப் பொறுத்ததன்று; கதவைத் திறப்பவர் யார், அவர் எதிற் பயின்றவர் என்பதையே பொறுத்தது. இதனை மருத்துவ உலகம் மிக மெதுவாகவே கற்றுக்கொண்டது.

முதற் பாடம் போர்க்களத்திற் கிடைத்தது. 1792இல் பிரெஞ்சுப் படையுடன் ரைன் நதிப் பகுதிக்குச் சென்ற டொமினிக் லாரே என்னும் இளம் சத்திரவைத்தியர், ஒரு கொடுமையைக் கண்டார். காயமுற்றோரை ஏற்றும் வண்டிகள் களத்துக்கு மிகப் பின்னால் நிறுத்தப்பட்டிருந்தன. போர் ஓய்ந்த பின்னரே அவை முன்னே வரும். அதற்குள் பலர் குருதி வடிந்து மாண்டனர். குதிரைப் பீரங்கிப் படை களத்தில் விரைந்து திரிவதைக் கண்ட லாரே, அதேபோல் விரையும் இலேசான வண்டிகளை அமைத்தார். பறக்கும் அம்புலன்ஸ் என்று அவை பெயர் பெற்றன. வண்டியினும் பெரியது அவர் வகுத்த நெறி: பதவியை நோக்காது, காயத்தின் கடுமையை நோக்கியே சிகிச்சை செய்தல் வேண்டும். தளபதியின் கைக்காயம் காத்திருக்கலாம். சிப்பாயின் சிதைந்த கால் காத்திராது.

போர்க்களத்துக்கு வகுத்த இந்த ஒழுங்கு நகரத்து வைத்தியசாலைக்கு வர நூறாண்டுக்கு மேற் சென்றது. முதலாம் உலகப் போரில் எலும்பு முறிந்தோரைத் தனி விடுதியில் வைத்துச் சிகிச்சை செய்த ஒஸ்திரிய வைத்தியர் லோரென்ஸ் பேலர், அமைதிக் காலத்திலும் அவ்வாறு ஒரு நிலையம் வேண்டுமென வாதாடினார். அவர் இரக்கத்தைக் காட்டி வாதாடவில்லை, கணக்கைக் காட்டினார். தொழிலாளருக்கு விபத்துக் காப்புறுதிப் பணம் செலுத்துவோரிடம், காயங்களை நன்கு குணப்படுத்தினால் உங்கள் செலவே குறையும் என்றார். 1925இல் வியன்னாவில் விபத்து வைத்தியசாலை திறக்கப்பட்டது. நல்ல காரியங்கள் சில வேளை ஐந்தொகைப் புத்தகத்தின் வழியாகவும் நடக்கின்றன. இங்கிலாந்திலே 1941இல், போர்க்காலத் தொழிற்சாலைகள் நிறைந்த பேர்மிங்ஹாம் நகரில், வில்லியம் கிஸ்ஸேன் தலைமையில் விபத்துக்களுக்கெனத் தனி வைத்தியசாலை தோன்றிற்று. அனுபவமிக்க சத்திரவைத்தியர் தலைமை தாங்கிய குழுக்கள் இரவும் பகலும் முறைவைத்து அங்கே கடமையில் நின்றன.

ஐக்கிய அமெரிக்காவின் நிலை வேறு. 1966இல் அந்நாட்டுத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் பெயரால் வெளிவந்த அறிக்கையொன்று, முந்திய ஆண்டில் மட்டும் 107,000 பேர் விபத்துக்களால் இறந்தனர் என்றும், அவர்களில் 49,000 பேர் மோட்டார் விபத்துக்களில் மாண்டவர் என்றும் காட்டியது. அந்நாட்டு அம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறையப் பாதியை அக்காலத்தில் மலர்ச்சாலைக்காரரே நடத்தி வந்தனர். காரணம் எளிது: மனிதனைக் கிடத்திக் கொண்டு செல்லத்தக்க நீண்ட வண்டி அவர்களிடமே இருந்தது! மேரிலாந்து மாநிலத்தில் ஆர். அடம்ஸ் கௌலி என்னும் சத்திரவைத்தியர், காயமுற்ற பின் வரும் முதல் ஒரு மணி நேரமே பொன்னான நேரம் என்று ஓயாது வற்புறுத்தி, 1970 முதல் பொலிஸ் ஹெலிகொப்டரிலும் காயமுற்றோரைத் தம் நிலையத்துக்கு வருவித்தார். அறுபது நிமிடம் என்பது அளந்து கண்ட எல்லையன்று. ஆயினும் அச்சொல் மக்கள் மனத்திற் பதிந்து பெரும் பணி செய்தது.

விரைவு ஒன்றே போதுமா? கலிபோர்ணியாவிலிருந்து 1979இல் வெளிவந்த ஓர் ஆய்வு இவ்வினாவுக்கு விடை தந்தது. சான் பிரான்சிஸ்கோவில் கடுங்காயமுற்றோர் யாவரும் ஆயத்தமான ஒரே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஒறேஞ்சு மாவட்டத்தில் மிக அண்மையிலிருந்த வைத்தியசாலைக்கே கொண்டு செல்லப்பட்டனர். முன்னதில் 92 மரணங்களும் பின்னதில் 90 மரணங்களும் ஆராயப்பட்டன. ஒறேஞ்சு மாவட்டத்தில், தலைக்காயமல்லாத காரணங்களால் இறந்தோரில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினரைத் தக்க சிகிச்சையாற் காத்திருக்கலாம் எனத் தெரிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் அத்தகைய மரணம் மிக அரிது. அருகில் இருப்பது வேறு, ஆயத்தமாய் இருப்பது வேறு என்பது புலனாயிற்று. 1980இல் ஒறேஞ்சு மாவட்டமும் சில வைத்தியசாலைகளை மட்டும் இதற்கெனத் தெரிந்தெடுத்தது. காத்திருக்கக்கூடிய மரணங்கள் அங்கே குறைந்தன.

நமது நாட்டில் 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய நன்கொடையுடன் தொடங்கிய 1990 சுவசெரிய சேவை, பின்னர் வடக்கு உட்பட ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. வண்டி வருகிறது. ஆயினும் பெருநகரத்துக்குத் தொலைவிலுள்ள ஊர்களில் அவ்வண்டிக்கு முதலில் எதிர்ப்படுவது சிறிய வைத்தியசாலையே. எல்லாரையும் பெரிய நிலையத்துக்கே கொண்டு செல்க என்பது அங்கே பொருந்தாது. அமெரிக்காவின் நெபிராஸ்கா மாநிலத்து வயல்வெளிகளிலும் நிலைமை இவ்வாறே இருந்தது.

1976 பெப்ரவரி 17ஆம் திகதி இரவு, ஜேம்ஸ் ஸ்டைனர் என்னும் எலும்புச் சத்திரவைத்தியர் தாமே செலுத்திவந்த சிறு விமானம் அங்கே ஒரு வயலில் விழுந்து நொருங்கியது. மனைவி மாண்டார். நான்கு குழந்தைகளில் மூவர் நினைவிழந்து கிடந்தனர். குளிரில் பல மணி நேரம் தாமே அவர்களைப் பேணிய ஸ்டைனர், பின்பு வீதிக்கு நடந்து சென்று ஒரு மோட்டாரை மறித்து உதவி பெற்றார். அண்மையிலிருந்த சிறு வைத்தியசாலையின் கதவு பூட்டியிருந்தது. வைத்தியர் வந்தபின்னரும் குழந்தைகளின் கழுத்தைக் காத்தல் வேண்டும் என்ற முதற் பாடமே அங்கே அறியப்படவில்லை. வயலில் வெறுங்கையோடு தாம் அளித்த சிகிச்சை, வைத்தியசாலையிற் கிடைத்ததை விட மேலானது என்று அவர் பிற்காலத்தில் வேதனையுடன் கூறினார். குழந்தைகள் லிங்கன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டுப் பிழைத்தனர்.

அவர் அந்தச் சிறு ஊர் வைத்தியரைப் பழித்து அமையவில்லை. நோயின் வரலாற்றைக் கேட்டு, முழு உடலையும் சோதித்து, நோய் இன்னதென்று தெளிந்த பின்னரே சிகிச்சை தொடங்குக என்றுதானே மருத்துவக் கல்லூரி அவருக்குக் கற்பித்திருந்தது? காயமுற்றவன் அதற்குள் மாண்டுவிடுவான். ஆகவே ஸ்டைனரும் அவருடைய தோழர்களும் அவ்வொழுங்கைத் தலைகீழாக்கினர். முதலில் மூச்சுப் பாதை, அடுத்துச் சுவாசம், அதன்பின் குருதியோட்டம். எது முந்திக் கொல்லுமோ அதனை முந்திக் கவனி. நோயின் பெயர் பின்னர் தெரியட்டும். இதனைப் பயிற்றும் முதல் வகுப்பு 1978இல் நெபிராஸ்காவின் ஓபேர்ன் என்னும் சிற்றூரில் நடந்தது. அமெரிக்கச் சத்திரவைத்தியர் கல்லூரி 1980இல் அதனைத் தன் பாடமாக ஏற்றுக்கொண்டது. இன்று எண்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் அது கற்பிக்கப்படுகின்றது.