இருட்டுக்கு ஒரு நடுவர்

ஒரு பேரரசின் சக்கரவர்த்தி நீங்கள். பேர்தான் பேரரசு. கையில் இருப்பது ஒரே ஒரு கிரகம். உளவு பார்க்கும் கப்பல் இரண்டு, குடியேறப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு நிற்கும் கப்பல் ஒன்று. எதிரே வானம் முழுக்க நட்சத்திரங்கள். எதைச் சுற்றி என்ன கிரகம் இருக்கிறது? வாழ லாயக்கானதா, வெறும் பாறையா? ஏற்கெனவே எவனாவது அங்கே குடியிருக்கிறானா? ம்ஹும். கப்பலை அனுப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

1993ல் வெளியான 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டு இப்படித்தான் ஆரம்பிக்கும். ஸ்டீவ் பார்சியாவின் சிம்டெக்ஸ் நிறுவனம் உருவாக்கியது. நட்சத்திரத்தின் நிறம் மட்டும் முன்கூட்டியே கண்ணில் படும். அதை வைத்துக் குத்துமதிப்பாக யூகிக்கலாம். நினைத்த இடத்துக்கெல்லாம் கப்பலை அனுப்பவும் முடியாது. எரிபொருள் எட்டுகிற தூரம்தான் உங்கள் உலகம். அந்த வருடம் இதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிய ஆலன் எம்ரிச், தேடு, பரவு, சுரண்டு, அழி என்று நாலே சொல்லில் விஷயத்தை முடித்துவிட்டார். ஆங்கிலத்தில் நாலிலும் 'எக்ஸ்' சத்தம் வரும். அதனால் இந்த ரக விளையாட்டுகளுக்கே 'ஃபோர் எக்ஸ்' என்று பேர் நிலைத்தது.

நான் பி.காம். படித்த ஆசாமி. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, தகவலுக்கு ஒரு விலை உண்டு என்பது. புதிதாக ஓர் உளவுக் கப்பல் கட்டுகிற காசில் தொழிற்சாலையைப் பெருக்கலாம். வருமானம் வரும். ஆனால் பக்கத்து நட்சத்திரத்துக்காரன் பீரங்கியோடு வருவது, அவன் வாசலில் வந்து நின்ற பிறகுதான் தெரியும். உளவுக் கப்பலை எந்தத் தலைப்பில் கணக்கு எழுதுவது, செலவா, முதலீடா? எங்கள் கல்லூரியில் சொல்லித்தரவில்லை.

சரி, வரைபடத்தை மறைத்து வைத்து விளையாடலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? நிச்சயமாகக் கம்ப்யூட்டர்காரர்களுக்கு இல்லை.

பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்று ஓர் அப்பா, ஒரு பிள்ளை. போர் விளையாட்டுக்காக அப்பா செய்த மேசையை 1812ல் மன்னருக்கே கொடுத்தார். அழகான மேசை. ஆனால் அதில் எல்லாம் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை பீரங்கிப் படை லெஃப்டினன்ட். போர்க்களத்தில் அப்படி இருக்காதே என்று அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். 1824ல் புதிய விதிகளை வெளியிட்டார். நிஜ நிலத்தின் வரைபடம். சிவப்புப் படை, நீலப் படை. நடுவே ஒரு நடுவர். ஆடுகிறவர்கள் கட்டளையை எழுதி அவரிடம் கொடுப்பார்கள். ஒருவர் கண்ணுக்கு ஒருவர் படக்கூடிய இடத்தில் இருக்கும் படைகளை மட்டும்தான் அவர் வரைபடத்தில் வைப்பார். மலைக்குப் பின்னால் பதுங்கியிருப்பது நடுவருக்கு மட்டுமே வெளிச்சம்.

படைத்தலைமைப் பொறுப்பில் இருந்த முஃப்ளிங் இதைப் பார்க்க வந்தார். பெரிய ஆர்வம் ஒன்றும் இல்லை. ஆட்டம் போகப் போக மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இது விளையாட்டே இல்லை, போர்ப் பயிற்சி என்று சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. ராணுவம் முழுக்கப் பரப்ப ஏற்பாடும் செய்தார்.

அவர் ஏன் துள்ளினார் என்று புரியவேண்டுமானால் ஒன்பது வருடம் பின்னால் போகவேண்டும். 1815 ஜூன் 18, வாட்டர்லூ. வெலிங்டனுக்கு உதவ ஸீட்டன் தலைமையில் ஒரு பிரஷ்யப் படை வந்துகொண்டிருக்கிறது. முன்னால் போய்ப் பார்த்த அதிகாரி, காயம்பட்டவர்கள் கூட்டமாகப் பின்னால் போவதைப் பார்த்துவிட்டு, வெலிங்டன் படை பின்வாங்குகிறது என்று வந்து சொல்லிவிட்டார். ஸீட்டன் வேறு பக்கம் திரும்ப ஆரம்பித்தார். இதைக் கவனித்துக் குதிரையை விரட்டிக்கொண்டு போய், மன்றாடித் திருப்பிக் கொண்டுவந்தவர் சாட்சாத் இதே முஃப்ளிங்தான். வெலிங்டனோடு இருந்த பிரஷ்யப் பிரதிநிதி அவர். எதிர்ப்பக்கம் நெப்போலியன், வருவது பிரஷ்யர்கள் இல்லை, நம்ம குரூஷியின் படை என்று தன் வீரர்களிடம் சொல்லவைத்துக்கொண்டிருந்தார். இருட்டு என்றால் என்னவென்று முஃப்ளிங்குக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை, பாருங்கள்.

விளையாட்டு பிழைத்துக்கொண்டது. கண்டுபிடித்தவர்தான் பிழைக்கவில்லை. வேறு ஊருக்கு மாற்றப்பட்ட ரைஸ்விட்ஸ், 1827ல் தற்கொலை செய்துகொண்டார். ஐந்து வருடம் கழித்து வெளிவந்த கிளாஸ்விட்ஸின் புத்தகத்தில், போரில் முக்கால்வாசி விஷயங்கள் மூடுபனிக்குள் இருப்பதாக வருகிறது. இன்றைக்கு விளையாட்டுக்காரர்கள் 'ஃபாக் ஆஃப் வார்' என்று சொல்வதன் பூர்வீகம் அங்கேதான்.

இந்த மூடுபனி கம்ப்யூட்டருக்குள் புகுந்தது எழுபதுகளில். 1977ல் வால்டர் பிரைட் எழுதிய 'எம்பயர்' விளையாட்டில் உங்களுக்கு ஒரே ஒரு நகரம். மற்றதெல்லாம் வெற்றிடம். 1994ல் வந்த 'வார்கிராஃப்ட்'டில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டால் போதும், அந்த இடம் எப்போதும் வெளிச்சம். அடுத்த வருடமே இரண்டாம் பாகத்தில் ஒரு வேலை செய்தார்கள். உங்கள் ஆள் அங்கிருந்து நகர்ந்தால் மலையும் மரமும் மங்கலாகத் தெரியும். எதிரி நடமாட்டம் தெரியாது. நேற்றுப் பார்த்தது நேற்றைய செய்தி. அவ்வளவுதான்.

ஆனால் இங்கே ஒரு வில்லங்கம். ரைஸ்விட்ஸின் நடுவர் மனிதர். எந்தப் பக்கமும் சாராதவர். கம்ப்யூட்டரில்? நடுவரும் அதுதான், எதிராளியும் அதுதான்! பல விளையாட்டுகளில் உங்களுக்கு மட்டும்தான் இருட்டு. கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே ஆடும். இரண்டு மனிதர்கள் ஆடினாலும் நிம்மதி இல்லை. 1998ல் வந்த 'ஸ்டார்கிராஃப்ட்', விண்வெளியில் மூன்று இனங்கள் அடித்துக்கொள்ளும் விளையாட்டு. அதில் ஆடுகிற ஒவ்வொருவரின் கம்ப்யூட்டரிலும் ஆட்டத்தின் முழு நிலவரமும் இருக்கும். இருட்டு என்பது திரையில் போர்த்திய துணி மாதிரி. கில்லாடிகள் சும்மா இருப்பார்களா? துணியை விலக்கும் புரோகிராம் எழுதிவிட்டார்கள். 'மேப் ஹேக்'. மாட்டியவர்களின் கணக்குகளை நிறுவனம் ரத்து செய்தது. வேறு கணக்கில் வந்தார்கள்.

கம்ப்யூட்டரையும் இருட்டுக்குள் உட்காரவைத்தால்? கூகுள் குடும்பத்து டீப்மைண்ட் அதைச் செய்தது. 'ஸ்டார்கிராஃப்ட் 2' ஆட அவர்கள் உருவாக்கிய ஆல்ஃபாஸ்டாருக்கும் நம்மைப் போல மூடுபனி உண்டு. ஒரே சலுகை, தன் வீரர்களுக்குத் தெரிகிற இடங்களையெல்லாம் அது ஒரே நேரத்தில் பார்க்கலாம். மனிதன் காமிராவை அங்கும் இங்கும் நகர்த்தியாக வேண்டும். டிஎல்ஓ, மானா என்ற இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்களை ஆளுக்கு ஐந்து ஆட்டம் என்று 10-0 கணக்கில் சுருட்டிவிட்டது.

2019 ஜனவரி 24 அன்று, நேரடி ஒளிபரப்பில் மானா இன்னொரு முறை ஆடினார். இந்தத் தடவை ஆல்ஃபாஸ்டாரும் காமிராவை நகர்த்தித்தான் பார்க்கவேண்டும். மானா ஒரு பறக்கும் வண்டியில் இரண்டு பேரை ஏற்றி அதன் வீட்டுப் பின்பக்கம் இறக்கினார். ஆல்ஃபாஸ்டாரின் பெரும்படை வீட்டைக் காக்கத் திரும்பி ஓடிவந்தது. வண்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு நழுவியது. படை கிளம்பியது. வண்டி மறுபடி வந்தது. படை மறுபடி திரும்பியது. அந்தப் பக்கம் மானா தன் படையை நிதானமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்.