துணைத்தொழில் வளர்ப்பு: பாதுகாப்புத் தளவாடத் துறை

படைகளுக்கு வேண்டிய தளவாடங்களைச் செய்தளிக்கும் பெரிய தொழிற்சாலையொன்று, தன் உறுப்புகளில் சிலவற்றைச் சிறு பட்டறைகளிடம் செய்யக் கொடுப்பதோடு நில்லாமல், அப்பட்டறைகள் வரைபடத்தைப் பிழையறப் படிக்கவும், நுண்ணளவு பிசகாது உலோகத்தைக் கடையவும், செய்து முடித்த உறுப்பைப் பரிசோதித்துச் சான்றளிக்கவும் கற்பித்து, சர்க்காரின் மேற்பார்வையில் அவற்றைத் தன் காலில் நிற்கச் செய்யும் ஏற்பாடு துணைத்தொழில் வளர்ப்பு எனப்படும். வெறும் கொள்முதல் இதில் அடங்காது. கடைசல் வேலையை மலிவான கூலிக்கு வெளியே கொடுத்துவிட்டு அதனையே வளர்ப்பென்று கணக்கில் எழுதிக்கொள்ளுதல் தகாது. கற்பித்தல் இல்லாத இடத்தில் வளர்ப்பும் இல்லை.

இதனைச் சட்டத்தின் மூலம் திட்டமாக வகுத்த தேசம் அமெரிக்கா. பாதுகாப்பு ஒப்பந்தங்களில் நூற்றுக்கு 5 பங்கு பின்தங்கிய சமூகத்தாரின் சிறு நிறுவனங்களுக்குச் சேரவேண்டும் என்னும் இலக்கு அங்கே 1986-இல் விதிக்கப்பட்டது. தகுதியுள்ள சிறு நிறுவனங்கள் கிடைக்கவில்லையே என்று பெரிய ஒப்பந்தக்காரர்கள் குறைகூறவே, அப்படியானால் அந்தத் தகுதியை நீங்களே உண்டாக்குங்கள் என்னும் கருத்தோடு, செனட்டர் சாம் நன் முயற்சியால், 1990 நவம்பர் 5-ஆம் தேதிச் சட்டத்தில் வழிகாட்டித் திட்டம் இடம்பெற்றது. பெரிய நிறுவனமும் சிறு நிறுவனமும் உடன்படிக்கை செய்துகொண்டு, பொறியியல், நிர்வாகம், முன்பணம், கடன் முதலிய துறைகளில் பெரியது உதவும். அதற்கான செலவை சர்க்கார் திருப்பித் தரும், அல்லது துணை ஒப்பந்த இலக்கில் வரவு வைக்கும். கறுப்பின மக்களுக்கென ஏற்பட்ட பழைய கல்லூரிகளும் பயிற்சியளிக்கலாம். சோதனை முயற்சி என்ற பெயருடனேயே முப்பது ஆண்டுக்கு மேல் நடந்த இத்திட்டம், 2022 டிசம்பரில்தான் நிரந்தரமாயிற்று.

இந்தியாவில் இக்கருத்து இதனினும் பழமையானது. ஆயுத உற்பத்தியை சர்க்காரின் ஏகபோகமாக்கிய 1948-ஆம் ஆண்டுத் தொழிற்கொள்கை தனியாரைத் தளவாடத் துறையின் வாயிலிலேயே நிறுத்திவிட்டதாயினும், ஃபோர்டு அறநிலையத்தின் உதவியுடன் வந்த சர்வதேச நிபுணர் குழு 1954-இல் அளித்த அறிக்கையை ஒட்டிச் சிறுதொழிலுக்கெனத் தனி நிர்வாகம் தோன்றியது. சர்க்கார் ஆர்டர்களைச் சிறு பட்டறைகளுக்குப் பெற்றுத் தருவதையும் தவணை முறையில் யந்திரங்கள் வழங்குவதையும் நோக்கமாகக் கொண்டு 1955-இல் தேசியச் சிறுதொழில் கார்ப்பரேஷன் நிறுவப்பட்டது. சென்னை ராஜ்யத்தில் காமராஜர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழிலமைச்சராகவும் விளங்கிய காலத்தில், 1958-இல், கிண்டித் தொழிற்பேட்டை எழுந்தது. பேட்டையை அமைத்த அவ்வமைச்சரே 1982-இல் தேசத்தின் பாதுகாப்பு அமைச்சரானார் என்பது தமிழ்நாட்டுக்குப் பெருமை தரும் செய்தி.

1962-ஆம் ஆண்டுச் சீன யுத்தம் தளவாடப் பற்றாக்குறையை வெளிச்சமாக்கியது. அவ்வாண்டு நவம்பரில் பாதுகாப்பு உற்பத்தி இலாகா அமைந்தது. பொருளாதாரத்தையும் பாதுகாப்பையும் இணைத்துப் பார்க்கும் பொறுப்பு டி. டி. கிருஷ்ணமாச்சாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1965 பாகிஸ்தான் யுத்தத்தின்போது அமெரிக்கா தளவாட உதவியை நிறுத்தவே, இறக்குமதியான உறுப்புகளை உள்நாட்டுத் தொழில்களிடம் செய்வித்துக்கொள்ளும் பொருட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே பாதுகாப்பு வழங்கல் இலாகா தோற்றுவிக்கப்பட்டது. சிவில் தொழிலையும் படைத்தேவையையும் இணைக்கப் பிறந்த இவ்விலாகா 1984-இல் உற்பத்தி இலாகாவோடு கலந்து மறைந்தது. இன்று பேசப்படும் உள்நாட்டுமயத்தின் மூலம் அதுவே. ஆவடியில் 1961-இல் நிறுவப்பெற்ற கனரக வாகனத் தொழிற்சாலை தன் முதல் விஜயந்தா டாங்கியை 1965-இல் வெளியிட்டது. அதே ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய பாரத மிகு மின் நிறுவனம் படைத்துறையைச் சார்ந்ததன்று எனினும், துவாக்குடி வட்டாரத்தில் அதனைச் சூழ்ந்து பெருகிய உருக்குவேலைப் பட்டறைகள், தாய்த் தொழிற்சாலையின் அருகாமை எவ்வளவு பயன் தரும் என்பதற்குத் தமிழ்நாட்டில் சிறந்த உதாரணமாகும்.

துணைத்தொழிலைப் பிற சிறுதொழிலினின்றும் பிரித்தறிய சர்க்கார் வகுத்த இலக்கணம் இங்கு விஸ்தாரமாகக் கூறத்தக்கது. தன் உற்பத்தியில் அல்லது பணியில் பாதிக்குக் குறையாமல் பிற தொழில் நிறுவனங்களுக்கு வழங்குவதே துணைத்தொழில். யந்திர மூலதன உச்சவரம்பும் அதற்குச் சற்று உயர்வாகவே வைக்கப்பட்டது: 1966-இல் சிறுதொழிலுக்கு 7.5 லட்சம் ரூபாய், துணைத்தொழிலுக்கு 10 லட்சம். 1975-இல் முறையே 10, 15. 1980-இல் 20, 25. 1985-இல் 35, 45. 1991-இல் 60, 75. பெரிய ஆலை கேட்கும் துல்லியத்துக்கு விலையுயர்ந்த யந்திரம் வேண்டியிருப்பதால் இவ்வேற்றத்தாழ்வு நியாயமானதே. 1997-இல் இரண்டு வரம்புகளும் 3 கோடியாக ஒன்றாயின. 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம் துணைத்தொழில் என்னும் வகையையே விட்டுவிட்டது. அதனால் நேர்ந்த நஷ்டம் சிறிதன்று. யாருக்கு யார் தாய்த் தொழிற்சாலை என்னும் பந்தம் ஏடுகளில் இல்லாது போயிற்று.

சிறு பட்டறையிடம் உறுப்பைப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தாமதிப்பது பெரிய ஆலைகளின் பழைய நோய். தாமதத்துக்கு வட்டி விதிக்கும் சட்டம் 1993-இல் வந்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் 45 நாள் வரம்பும், தவறினால் வங்கி வீதத்தின் மும்மடங்குக் கூட்டு வட்டியும் விதித்தது. 2012-இன் கொள்முதல் ஆணை, மத்திய சர்க்கார் இலாகாக்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 20 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்கவேண்டும் என்றது. 2018-இல் இது 25 ஆயிற்று. ஆயினும் ஏவுகணை முதலான ஆயுத அமைப்புகள் தேசப் பாதுகாப்பை முன்னிட்டு விலக்கப்பட்டன. அந்நியத் தளவாட விற்பனையாளர், விலையில் ஒரு பகுதிக்கு ஈடாக இந்தியத் தொழிலிடம் வாங்கவோ முதலிடவோ வேண்டும் என்னும் தம் ஈட்டுக்கடமையைக் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களின் மூலம் நிறைவேற்றினால் ஒன்றரை மடங்கு மதிப்பளிக்கும் விதியும் 2012-இலேயே ஏற்பட்டது. அமெரிக்க முறையை நெருங்கியது இதுவே.

2018 ஏப்ரலில் சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சியில், பாதுகாப்புத் துறைக்கான புதுமைகளைச் சிறு நிறுவனங்களிடம் ஊக்குவிக்கும் ஐடெக்ஸ் திட்டம் தொடங்கப்பட்டது. இதை நடத்தும் அமைப்பின் மூலதனம் பொதுத்துறைப் பாதுகாப்பு நிறுவனங்களான ஹெச்.ஏ.எல்., பி.இ.எல். ஆகியவற்றால் அளிக்கப்பட்டது. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில்வழித்தடம் 2019 ஜனவரி 20-இல் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டது. சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சி என்பன அதன் மையங்கள். ஆளில்லா விமானம், மின்னணுப் போர்முறை, மின்னொளியியல் ஆகியவற்றுக்கான மூன்று பரிசோதனைக் கூடங்களுக்கு 2024 ஜூலையில் உடன்படிக்கைகள் கையெழுத்தாயின.

ஐந்து மையங்களில் ஒன்றேனும் மதுரைக்குத் தெற்கே இல்லை. 2019 நவம்பர் 22-இல் தனி மாவட்டமான தென்காசியில் செங்கோட்டை வட்டாரத்து மர அறுவை ஆலைகளும், சங்கரன்கோவில் விசைத்தறிகளும், 2011 முதல் மத்தளம்பாறையில் இயங்கும் ஜோஹோ மென்பொருள் நிலையமும் உண்டு; தாய்த் தொழிற்சாலை இல்லை. அறுவை வாளையும் தறியையும் பழுதுபார்க்கும் யந்திரக் கைகள் இருந்தும், வரைபடமும் அளவுகருவியும் தந்து கற்பிக்கும் ஆலை அருகில் இல்லாமையால், குற்றாலச் சாரலை ஒட்டிய இப்பிரதேசத்து இளைஞர் அப்பயிற்சிக்குக் கோவைக்கோ திருச்சிக்கோ செல்லவேண்டியுள்ளது. மென்பொருளைக் கிராமத்துக்குக் கொண்டுவந்த முயற்சி இங்கு நிலைத்திருப்பதால், மின்னணுவியல், ஆளில்லா விமானம் முதலிய இலகுவான துறைகளில் ஒரு பரிசோதனைக் கூடத்தின் கிளையேனும் இம்மாவட்டத்துக்கு ஒதுக்கப்படுதல் நியாயம்.